ஏகாதசி மாத்திரை

வெளிநாட்டு நாவல்களில் இப்படிப்பட்ட சந்திப்புகளுக்குப் பனி பெய்யும். ரயில் நிலையத்தில் நீராவி சூழ்ந்திருக்கும். கோதைநாயகிக்குக் கிடைத்தது திருச்சி புத்தூர் நாலு ரோடு அருகே ஒரு மருந்துக் கடையும், அறுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையும்தான்...

நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி டாக்டர் சீட்டை நீட்டினாள். ஸ்ரீரங்கத்திலும் மருந்துக் கடைகள் உண்டு. ஆனால் அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரியும். 'கணக்கு டீச்சருக்கு வலிப்பாமே' என்று ஒரு வாய் சொன்னால் போதும். வேலையும் போய்விடும், வரன்களும் வாசலோடு திரும்பிவிடும்.

கடையில் இருந்த இளைஞன் சீட்டைப் படித்துவிட்டு உரக்கக் கேட்டான்.

"வலிப்பு மாத்திரையா? யாருக்குங்க?"

மழைக்கு ஒதுங்கி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"ஊருக்கே தண்டோரா போட்டுடுங்களேன்! எங்க அக்காவுக்கு."

"மன்னிச்சுக்குங்க... மழைச் சத்தத்துல குரல் தானா உசந்துடுச்சு."

அந்தக் கண்களில் நிஜமான வருத்தம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது... திட்டுவதற்கு வழியில்லாமல் செய்துவிட்டானே!

அவன் பெயர் சௌரிராஜன். பூர்வீகம் திருக்கண்ணபுரம். சென்னையில் மருந்துப் படிப்பு முடித்து, மாமாவின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தடுத்துப் போனபோது இதெல்லாம் தெரிந்தது. அவனோ அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அக்காவைப் பற்றியே கேட்டான்.

"அக்கா பகல்ல தூங்கி வழியறாங்களா?"

"முன்னாடி கொடுத்த பினோபார்பிட்டோன்லதான் அப்படி. இது தேவலை."

"பெனிட்டாயின் அவ்வளவா தூங்கவைக்காதுங்க. மூளையில ஒரு மூலையில பொறி கிளம்பினா, மத்த இடத்துக்குப் பரவ விடாது. சரி... அக்காவுக்குக் கோபம் வருமா?"

"கடைக்காரங்க அதிகம் பேசினா வரும்."

அவன் சிரித்தான். அவளும்தான்... உடனே கை உயர்ந்து வாயை மூடிக்கொண்டது. அந்த மாத்திரையால் அவளுடைய ஈறுகள் வீங்கியிருந்தன. அவன் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

மார்கழி பிறந்ததும் ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஒழுங்கா சாப்பிட்டும் அக்காவுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருது?"

"ரத்தத்துல மருந்து ஒரே அளவா நிக்கணுங்க. ஒரு நாள் விட்டாலும் அது இறங்கிடும். அப்போ வலிப்பு வரலாம்."

"விடறதே இல்லை. ஏகாதசி அன்னிக்கு மட்டும்தான். எங்காத்துல அன்னிக்குச் சொட்டுத் தீர்த்தம்கூட..."

பேச்சு பாதியில் நின்றது. விழுந்த நாட்களெல்லாம் கண்முன் வந்தன. ஏகாதசிக்கு மறுநாள், துவாதசி... மறுபடியும் துவாதசி. விரதத்தில் ஏதோ குறை என்று அப்பா நினைத்தார். முதலில் பாலை நிறுத்தினார்; பிறகு தண்ணீரையும்.

"அப்போ விரதத்தைக் கடுமையாக்க ஆக்கத்தான் நான் விழுந்திருக்கேனா?"

சொன்ன பிறகுதான் 'நான்' என்றது உறைத்தது. அவன் முகத்தில் வியப்பே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க வாயை மூடிண்டு சிரிச்ச அன்னிக்கே..."

"தெரிஞ்சுண்டே அக்கா அக்கான்னு விளையாடினேளா? பாவம்னு பரிதாபப்பட்டேளா?"

மழையே இல்லாத வீதியில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

வைகுண்ட ஏகாதசியன்று, சேவைக்குப் புறப்பட்ட அப்பா வீரராகவனின் முன்னால் மாத்திரையோடு நின்றாள். காரணத்தைச் சொன்னாள்.

"இன்னிக்குப் போயா? அபசாரம்டி!"

"துவாதசிக்குத் துவாதசி நான் விழறதைப் பெருமாள் கேட்டாராப்பா?"

அவர் அவள் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளரில் தீர்த்தம் கொண்டுவந்தார். அவளிடம் நீட்டினார்.

"நான்தானே உன்னை விழவெச்சிருக்கேன், கோதை..."

மறுநாள் இலை போட்டார்கள். அப்பாவும் அம்மாவும் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. துவாதசி அகத்திக்கீரையை அன்றுதான் ருசித்துச் சாப்பிட்டாள். அடுத்த துவாதசியும் அமைதியாகவே போனது. அப்புறம் அவளால் இருக்க முடியவில்லை. புத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றாள். "என் வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்திருக்கேள்."

"கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சது நீங்கதானே." அவன் குரல் தாழ்ந்திருந்தது. இப்போது மழையும் இல்லை... சீட்டில் படித்திருந்த பெயரை முதல்முறையாகச் சொன்னான். "அது பரிதாபம் இல்லை, கோதை. பரிதாபமா இருந்தா இத்தனை நாளா வாசலையே பார்த்துண்டு நின்னிருப்பேனா? இனிமே வரவே வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வந்தா பக்கத்துல இருப்பேன். இருக்கலாமா?"

அவள் கண்கள் நிறைந்தன. ரங்கநாதருக்கும், முன்பின் தெரியாத எந்த ஊரிலோ அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர்களுக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

"ஏகாதசியன்னிக்கு மாத்திரையும் தீர்த்தமும் அப்பாதான் எடுத்துக் கொடுக்கறார்..."

"ம்..."

"இனிமே நீங்க கொடுக்கறேளா?"