ஆயில் குடிக்கிற சிவப்பு கார்

செல்போன் அலறியது.

காருக்கு அடியில், குழிக்குள் நின்றிருந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். மெக்கானிக் தெரு முழுக்க அவனுக்கு 'ரேடியோ' என்றுதான் பெயர். வாயை மூடினால் செத்துப்போய்விடுவான் என்று நம்பினார்கள்.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சு..." காலையில் வண்டியை விட்டுப்போன பெண்மணி. "என்னைக் கேக்காம ஏன் கொடுத்தேன்னு ஒரே சண்டை. அங்கதான் வந்துட்டிருக்கார்."

"வரட்டும் மேடம். வண்டி ஏன் ஆயில் குடிக்குதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். சொன்னா சந்தோஷப்படுவார்."

படமாட்டார் என்று அவனுக்கு யார் சொல்வது? பேசி முடித்து, செல்போனைக் குழிக்கு வெளியே தரையில் வைத்தான்.

தலைக்கு மேலே அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. குழிக்கு மூடி போட்ட மாதிரி நின்றது. பின்பக்கம், படி இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வழி. காலடியில் ஒரு தட்டு நிறைய, எஞ்சினிலிருந்து இப்போதுதான் வடித்த கறுப்பு ஆயில்.

ஷூ சத்தம். டைல்ஸ் கம்பெனி முதலாளி. அந்தப் பெண்மணியின் கணவர்.

"யாருப்பா உள்ள?"

"வாங்க சார். உங்க எஞ்சின் சொக்கத்தங்கம். நீலப்புகை இல்ல. ஒழுகல் இல்ல. பிளக் நாலும் காய்ஞ்சு கிடக்கு. கம்ப்ரஷன் புதுசு மாதிரி நிக்குது."

"அப்போ ஆயில் எங்க போச்சு?"

"ஓடித் தீர்ந்திருக்கு சார். இந்த வயசு எஞ்சின் நெடுந்தூரம் போனா குடிக்கத்தான் செய்யும். பொய் சொல்றது, ஓடின தூரம் காட்டுற உங்க மீட்டர்தான். மீட்டர் கேபிள் நட்டுல புதுசா ஸ்பேனர் கீறல். யாரோ கழட்டி வச்சுட்டு ஓட்டியிருக்கான். மலையேறி வேற இறங்கியிருக்கான்... அடியில பூரா செம்மண்."



அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது.

முதலாளியின் பங்குதாரர் மலை பங்களாவில் செத்துக்கிடந்தது... பேப்பரில் முதலாளியின் பேட்டி... அன்றைக்குக் கார் வீட்டைவிட்டு நகரவே இல்லையாம். மீட்டரில் போன சர்வீஸில் குறித்த அதே நம்பராம். போலீஸும் பார்த்துத் தலையாட்டியிருந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ வாயை மூட நினைத்தான். பழக்கதோஷம் விடவில்லை.

"உங்ககிட்டதான் சார் முதல்ல..."

"நல்லது."

கார்க் கதவு திறந்தது. ஹேண்ட்பிரேக் விடுபட்டது. கார் பின்னால் உருண்டு படியை மூடியது. இருந்த வெளிச்சமும் போனது.

ரேடியோ கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்துக் கடையில் டிங்கர் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். எதிரே வெல்டிங். ரேடியோ கத்துவது இந்தத் தெருவுக்குப் புதுசா என்ன?

"சார்... எனக்குக் குழந்தை இருக்கு சார்."

"புகை வலிக்காது. அப்படியே தூங்கிடுவே. விபத்துன்னு எழுதிப்பாங்க."

சாவி குலுங்கும் சத்தம். ரேடியோ பதறிப்போனான்.

"வேணாம் சார். ஸ்டார்ட் பண்ணாதீங்க. சொல்றதைக் கேளுங்க, அது தாங்காது..."

"அவனும் இப்படித்தான் கெஞ்சினான்."

எஞ்சின் உறுமியது. ஆக்ஸிலேட்டர் மேல் எதையோ கனமாக வைத்துவிட்டு முதலாளி வெளியே நடந்தார். ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

புகை குழிக்குள் இறங்கியது. கண் எரிந்தது. சட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு காரின் அடிவயிற்றைக் கையால் தள்ளினான். அசையவில்லை. மகள் முகம் வந்துபோனது. அவ்வளவுதானா... என்று அழுகை முட்டியது.

டக்.

டக்... டக்... டக்டக்டக்...

எஞ்சின் வீறிட்டது. இரும்பை இரும்பு தின்னும் சத்தம். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கடைசியாக ஒரு 'டமார்'... நின்றுபோனது.

அந்தத் தெருவில் மனுஷன் கத்தினால் ஒருத்தரும் திரும்பமாட்டார்கள். எஞ்சின் கத்தினால்?

சுத்தியல் நின்றது. வெல்டிங் நின்றது. ஷட்டர் படாரென்று மேலே போனது. டிங்கர், வெல்டர், பெயிண்டர்... தெருவே உள்ளே வந்தது.

"எந்தக் கூமுட்டைடா ஆயில் இல்லாம எஞ்சினை ஓட்டினது?"

காரைத் தள்ளி ரேடியோவைத் தூக்கினார்கள். இருமி, அழுது, அவன் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். நழுவப் பார்த்த முதலாளியின் காலர் வெல்டர் கையில் சிக்கியது.

போலீஸ் ஜீப் வரும்வரைகூட ரேடியோவுக்குப் பொறுமை இல்லை. ஆயில் தட்டைத் தூக்கி முதலாளி மூக்குக்கு நேராகக் காட்டினான்.

"மேடம் சொன்ன கம்ப்ளெயின்ட் சரியாயிடுச்சு சார். இனிமே உங்க வண்டி ஒரு சொட்டு ஆயில்கூடக் குடிக்காது."