பழைய இயக்கியை நீக்கவா?

தென்குழியில் காலைச் சங்கு ஊதியதும் ஆட்கள் முதலில் கண்ணை அணைப்பார்கள். பல் துலக்குவதும் கஞ்சி குடிப்பதும் அதற்குப் பிறகுதான். சுவரோடு போட்ட நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிப்பார்கள். பார்வை இருண்டுவிடும். அணைந்த கண் ஆறும்வரை குருடர்களாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டில் விசேஷம், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்த இருட்டில்தான் அலசப்படும். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைப் போட்டுக்கொண்டு கஞ்சிக்கு எழுந்து போவார்கள். அணைத்துப் போடாத கண் மதியத்துக்குள் திணறும். வெட்டு எந்திரத்தின் முன் நிற்கும்போது கண் திணறினால் கை போய்விடும்.

தென்குழி நிலவின் தென்முனையில் இருக்கிறது. வெயிலையே காணாத பள்ளம். அடியில் பாறையோடு பாறையாக இறுகிக் கிடக்கும் பனியை வெட்டிக் கொடுத்தால், மேட்டில் இருக்கும் குடியிருப்புகளுக்கு அது குடிநீராகவும் மூச்சுக்காற்றாகவும் போகும். அந்தக் குளிரில் கண்ணாடி நிற்காது. முகக்கண்ணாடி வெடித்து ஆட்கள் செத்த பிறகுதான் கம்பெனிக்குப் புத்தி வந்து, கண்ணாடியே இல்லாத உலோகத் தலைக்கவசத்தைக் கொடுத்தது. கவசத்துக்கு வெளியே கேமராக்கள். அவை பிடிக்கிற படத்தை வாங்கிப் பார்வை நரம்புக்குக் கொடுக்க, கண்ணுக்குப் பின்னால் ஒரு விழிச்சில்லு; கவசத்தைக் கழற்றினாலும் பார்வை அதன் வழியாகத்தான். அந்தச் சில்லை வேலை வாங்குகிற நிரலுக்கு ஆங்கிலத்தில் டிரைவர் என்று பெயர். தமிழ்த் திரைகளில் அது ‘இயக்கி’ என்று வரும்.

வினை அந்தப் பெயரில்தான் இருந்தது.

தினமும் கண்ணைப் போட்டதும் பார்வைக்கு நடுவில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். ‘புதிய பதிப்பு வந்துள்ளது. படத்தின் தரம் மேம்படும். பழைய இயக்கியை நீக்கவா?’ கீழே ‘ஆம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள். ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் அவரவர் மொழியில் கேட்டதற்கு எப்போதோ ‘ஆம்’ சொல்லிப் புதுக் கண்ணோடு திரிந்தார்கள். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் ‘வேண்டாம்’ அமுக்கினார்கள். அவர்களுக்கு இயக்கி என்றால் இசக்கி. குலதெய்வம். பிள்ளை வரம் தருகிறவளும் அவள்தான், கோபம் வந்தால் தொட்டிலோடு தூக்கிப் போகிறவளும் அவள்தான். அவளை நீக்கவா என்று கேட்டால் எவன் ஆம் என்பான்?

தமிழ்த் திரைக்காரர்கள் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறார்கள் என்று தலைமையகத்துக்குப் புரியவில்லை. ‘ஆம்’ பொத்தானைப் பெரிதாக்கினார்கள். அதுவும் பலிக்காமல், ‘பழைய இயக்கியால் ஆபத்து! உடனே நீக்குக!’ என்று சிவப்பெழுத்தில் அனுப்பினார்கள். அன்று மூச்சுக்காற்றுக் கூடத்தின் பின்னால் இருக்கும் இசக்கி பீடத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாக எலுமிச்சம்பழம் போனது.

மாடத்தியும் ‘வேண்டாம்’ அமுக்கியவள்தான். கல்குவாரியில் ஜல்லி உடைத்து வளர்ந்தவள். புருஷன் செத்தபின் மகள் வடிவைத் தம்பி பலவேசத்திடம் விட்டுவிட்டு இங்கே வந்து, பனி வெட்டும் எந்திரம் ஓட்டுகிறாள். இப்போது வடிவுக்குக் கல்யாணம். மாடத்தியால் போக முடியாது. கனமில்லாத மண்ணில் வருஷக்கணக்காக நடந்த எலும்பு, ஊரில் போய் இறங்கினால் சுள்ளி மாதிரி முறியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரிலும் இப்போது எல்லோருக்கும் விழிச்சில்லு உண்டு; பலவேசம் தன் கண்வழியாகவே கல்யாணத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். அவன் பார்ப்பது அப்படியே அக்காளின் கண்ணுக்கு வந்து சேரும். ஆனால் ஊரில் இருப்பது புதுவகை ஒளிபரப்பு. மாடத்தியின் பழைய இயக்கிக்கு அது பிடிபடவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று அந்த வண்டவாளம் தெரிந்தது. கண்ணுக்குள் படம் கட்டம் கட்டமாக விழுந்தது. செங்கல் அடுக்கினது மாதிரி பச்சையாக ஒன்று வந்து எதிரே நின்றது. “எந் தங்கம், பச்சப் பட்டுல எம்புட்டு லெச்சணமா இருக்க!” என்று மாடத்தி கண்ணீர் விட்டாள். அது மாப்பிள்ளையின் சித்தப்பா.

பெஞ்சு முழுக்க அந்தக் கதை ஓடியது. “மைனி, சித்தப்பாவுக்கு மீசை உண்டுமா, இல்ல அதுவும் கட்டம்தானா?” என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டான் சுயம்பு. மாடத்தியின் புருஷனுக்குத் தம்பி முறை. அவளோடு ஜோடியாக வேலை பார்ப்பவன். மாடத்தி குரல் வந்த திசையைப் பார்த்துக் காலை நீட்டி உதைத்தாள். உதை பக்கத்தில் இருந்தவனுக்குப் போனது.

சிரிப்பு அடங்கியபின்தான் அவளுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை தாலி கட்டும்போதும் இப்படிச் செங்கலைப் பார்த்துத்தான் அழப்போகிறோமா? பெற்றது ஒன்று. அதன் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கத்தானே இந்தக் குளிரில் கிடக்கிறோம்.

கஞ்சிக்குப் போகாமல் பழுது பார்க்கும் அறைக்குப் போனாள். சுயம்பு சும்மா கூடவே போனான்.

அங்கே பொன்வண்ணன் இருந்தான். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவள் காதுக்குப் பின்னால் கம்பியைச் செருகிப் பார்த்தான்.

“ரொம்பப் பழைய பதிப்புங்க்கா. நான் பள்ளிக்கூடம் போறப்ப வந்ததுங்க. தெனமும் கேக்குமே, ஏன் அமுக்கறதில்லீங்க?”

“நீக்கவான்னுலா கேக்கு.”

“நீக்கித்தானுங்க ஆகோணும். ஒரு சில்லுக்குள்ள ரெண்டு இயக்கி இருந்தா அடிச்சுக்குமுங்க.”

“பாத்தியா மைனி,” என்றான் சுயம்பு. “அவனே சொல்லுதான். அடிச்சுக்கிடுவாளுவளாம்.”

பொன்வண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் பிடிபட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “அக்கா, இது சாமி இல்லீங்க. டிரைவருங்க.”

“டிரைவருன்னா வண்டி ஓட்டுதவன்லா.”

“இதுவும் ஓட்டறதுதானுங்க. சில்லை ஓட்டுற வெறும் புரோகிராமுங்க.”

“எனக்குத் தெரியாதாக்கும் புரோகிராமுன்னு? நானும் எந்திரம் ஓட்டுதவதான். ஆனா பேரு அவ பேரு. ஒங்கம்மா பேரை எழுதி, நீக்கவான்னு கேட்டா நீ ஆமான்னு அமுக்குவியா?”

“எங்கம்மா பேரு சரசுங்க,” என்றான் பொன்வண்ணன்.

“சரசுவை நீக்கவா?” என்றான் சுயம்பு, அறிவிப்புக் குரலில்.

“ஏனுங்ண்ணா, காலங்காத்தால வம்புக்கு வர்றீங்க.” பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. “சரி, நீங்க அமுக்க வேண்டாமுங்க்கா. நான் அமுக்கிப்போடறேன்.”

“நீ அமுக்குனா? நீ அந்நியம், ஒன்னைய ஒண்ணும் செய்ய மாட்டா. ஆனா கண்ணு என் கண்ணுலா?”

வெளியே இரண்டாம் சங்கு ஊதியது. மாடத்தி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“ஏ சொயம்பு, நாம ஊரைவிட்டு வரும்போது அவளை நீக்கிட்டா வந்தோம்?”

“அதெப்படி? பிடிமண்ணு எடுத்துட்டுலா வந்தோம்.”

ஊர் பெயர்கிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப்போவார்கள். போன இடத்தில் அதை வைத்துப் பீடம் எழுப்பினால் சாமி அங்கேயும் இருப்பாள். தென்குழியின் பீடமும் அப்படி வந்ததுதான். மாடத்தி இதைச் சொல்லச் சொல்ல, பொன்வண்ணன் முகம் தெளிந்தது.

“அட, அவ்வளவுதானுங்களா! பழைய இயக்கில இருந்து ஒரு ஃபைலை நகலெடுத்து, சில்லு ஓரத்துல தனியா வெச்சுப்போடறனுங்க. ஓடாது. ஆனா இருக்கும்.”

“இருந்தாப் போதும். அவ வடக்குப் பாத்துத்தான் இருப்பா, அப்படியே வைக்கணும்.”

“சில்லுக்குள்ள...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். “அக்கா, இது தென்முனைங்க. இங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் வடக்குதானுங்க.”

சுயம்பு வாயைப் பிளந்தான். “அதான் இங்க வந்ததுல இருந்து அவ ஒரு சோலியும் வைக்காம சந்தோசமா இருக்கா.”

பொன்வண்ணன் அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றி எழுதினான். ‘பழைய இயக்கிக்குப் பிடிமண் எடுத்து இடம் மாற்றவா?’ மாடத்தி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு ‘ஆம்’ அமுக்கினாள். பார்வை போனது. பழையது இறங்கிப் புதியது ஏறும் நேரத்தில் ஏதாவது பிசகினால் சில்லு கருகிவிடும், அப்புறம் கண்ணும் இல்லை வேலையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் வந்தது. முதலில் தெரிந்தது கொழுந்தன் முகம்.

“என்னலே, இம்புட்டு நரைச்சுப் போய்க் கெடக்க?”

“அப்போ வேலை செய்யுது,” என்றான் சுயம்பு.

அடுத்த நாள் அறை வாசலில் வரிசை நின்றது. தமிழ்த் திரைகள் அத்தனையும் ஒரே மூச்சில் புதுப்பதிப்புக்கு மாறியதைத் தலைமையகம் கண்டு மகிழ்ந்தது. ‘ஆம்’ பொத்தானைப் பெரிதாக்கிய குழுவுக்கு அங்கே விருந்து வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாடத்தி சுயம்புவை எந்திரத்தில் ஏற்றிவிட்டு, தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணுக்குள் வள்ளியூர் மண்டபம் திறந்தது.

அப்படி ஒரு படத்தை அவள் பார்த்ததில்லை. பலவேசம் படியேறினால் இவளுக்கு முழங்கால் மடங்கியது. வாழைமரத்தில் கட்டின கயிற்றின் பிரி தெரிந்தது. மேளக்காரர் கழுத்தில் வியர்வை உருண்டு சட்டைக்குள் இறங்குவது தெரிந்தது. பிறகு வடிவு மணமேடைக்கு வந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ. தாடையில் அந்தச் சிறு தழும்பு. குவாரியில் ஜல்லி தெறித்து விழுந்த காயம். பவுடருக்கு அடியிலும் அது தெரிந்தது. மாடத்தி வெறும் காற்றில் கையை நீட்டி அதைத் தடவினாள்.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு அனுப்பினார். பெரியவர்கள் தொட்டுக் கொடுத்தார்கள். தட்டு மேடைக்குத் திரும்பியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். வடிவு தலை குனிந்தாள். “கெட்டிமேளம்!” என்று குரல் எழுந்தது.

பலவேசம் கீழே பார்த்தான்.

அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சின்னத் திரையில், கண்வழி போகிற படம் கொஞ்சம் பிந்தி வரும்; அது ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தான். அதற்கென்றுதான் ஊரில் எல்லோரும் அதை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாடத்தியின் பார்வை முழுவதையும் தம்பியின் உள்ளங்கை அடைத்தது. திரை மீது சந்தனம் அப்பியிருந்தது. கட்டைவிரல் அதைத் துடைத்தது. ரேகை ஒவ்வொன்றும் உழவுச்சால் மாதிரி துல்லியமாகத் தெரிந்தது.

“ஏல பலவேசம், மேல பாருல! கழுத்தைத் தூக்குல!”

நிலவிலிருந்து கத்துகிற கத்தல் ஊருக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அது போய்ச் சேர்ந்தபோது அவன் தலையைத் தூக்கினான். அரிசி விழுந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நெஞ்சுக்கு நேரே கையை விரித்துவைத்துக்கொண்டு, துக்கவீட்டில் நிற்பவர்களைப் போலத் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். வடிவின் கழுத்தில் தாலி கிடந்தது.

“அக்கா, தெளிவாத் தெரியுதா? இங்க கையில அருமையா வருது பாத்துக்க!”

மாடத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாய்க்குள் தம்பியைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

பந்தி முடிந்தபின் வடிவே கூப்பிட்டாள். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

“எம்மா, பாத்தியா?”

“பாத்தேன் தாயி. நல்லா இரு.”

“தாலி கட்டுனதை எனக்கு அனுப்பும்மா. நான் குனிஞ்சிருந்தேன், ஒண்ணும் பாக்கல.”

“ஒங்க மாமங்கிட்ட கேளேன்.”

“கேட்டாச்சு. மாமா பதிவுல மாமா கைதான் இருக்கு. அத்தை பதிவுல அத்தை கை. மண்டபத்துல ஒருத்தர் விடாமக் கேட்டுட்டேன், எல்லாரும் அவங்கவங்க கையைத்தான் எடுத்து வச்சிருக்காங்க.”

“மாப்பிள்ளை கண்ணு?”

“அவுக அரிசி விழுந்துரும்னு கண்ணை மூடிட்டாகளாம். நீ ஒருத்திதான் பாக்கி. ஒனக்குப் புது இயக்கியாம்லா, மாமா சொன்னாக. நல்லா வந்திருக்கும். அனுப்பும்மா.”

மாடத்தி உள்ளதைச் சொன்னாள். “எங்கிட்ட இருக்கதும் ஒங்க மாமன் கட்டவெரலுதான் தாயி. நெகத்துக்குள்ள இருக்க அழுக்கு வரைக்கும் தெரியுது. அனுப்பவா?”

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர எப்போதும் ஆகிற நேரத்தைவிட அதிகமாக ஆனது.

“அனுப்பும்மா. அந்தக் கைக்குள்ள சின்னத் திரையில நான் கொஞ்சமாச்சும் தெரிவேன்லா?”

மாடத்தி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு, கட்டைவிரலை ஒட்டிப் பார்த்தாள். சந்தனத்துக்கும் நகத்துக்கும் நடுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஒன்று குனிந்திருந்தது.

“தெரியுதட்டி,” என்றாள்.