கன்சாஸைக் கடக்கும் தைலம்

கிளம்பிப் பத்தாவது நிமிடத்தில் தணிகாசலத்தின் கழுத்துப் பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"தொடர்பு இல்லை," என்றது கார். "சட்டப்படி ஒருவருக்கு வேலை செய்யாவிட்டால் மற்றவருக்கும் கிடையாது."

பக்கத்தில் செம்மலையின் பட்டையும் அணைந்தது. இருவரும் சகலைகள், அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முன்னே கிடந்தது கன்சாஸ் மாநிலம், ஒன்பது மணி நேரம்.

அந்தப் பட்டைக்கு வழிமறதி என்று பெயர். அது தூங்கவைக்காது. ஆள் விழித்திருப்பார், பேசுவார், சாப்பிடுவார்; மூளை மட்டும் எதையும் எழுதி வைக்காது. கிளம்பியதும் பூட்டிக்கொள்ளும், போய்ச் சேரும் ஊர் வந்தால்தான் கழலும். ஏறினோம், இறங்கினோம், அவ்வளவுதான். 'சாலைப் பயணத்துக்கு மட்டும்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது, யாரும் படிப்பதில்லை. இது வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கன்சாஸ் என்பது உறுதிசெய்யப்படாத செய்தி.

"கழுத்துல என்ன தடவினீங்க?" செம்மலை ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

"தைலம். உங்களோட வரணும்னதும் தலைவலி."

பின்சீட்டில் இரண்டு டின் முறுக்கு. விமானத்தில் போனால் மாவாகிவிடும் என்பதால் வருடாவருடம் தீபாவளிக்கு அதை டென்வரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குத் தரைவழியே சேர்ப்பது இவர்கள் பொறுப்பு. மனைவிமார் விமானத்தில் முன்னாலேயே போய்விட்டார்கள், கெடு வைத்துவிட்டு: இந்த வருடமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால், அடுத்த வருடத்திலிருந்து தீபாவளி அவரவர் வீட்டில்.

மூன்று மணி நேரம் வெறும் புல். புல் முடிந்த இடத்தில் வானம், அது முடிகிற மாதிரியே தெரியவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. வேறு வேலை இல்லாததால் இருவரும் மனசுக்குள் பெட்டிகளை எண்ணினார்கள்.

"நூத்தி பதினாலு," என்றான் செம்மலை, காற்றிடம்.

"பதினஞ்சு," என்றது காற்று.

பிறகு சாலையின் இருபுறமும் செக்கச்செவேலென்று ஒரு பயிர்.

"சோளமா?"

"சோளமேதான்."

நாலு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அப்படித்தான் நினைத்தார்கள்.

காற்றாலைகள் வந்தன. "எங்க உடுமலைப் பக்கம் மாதிரியே இருக்குதுங்க, மலையை மட்டும் எடுத்துட்டா," என்றான் செம்மலை. அந்த 'ங்க' வண்டிக்குள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது பிரியாணின்னு எனக்குத் தெரியும், சகலை," என்றார் தணிகாசலம்.

நாலு தீபாவளிக்கு முன் செம்மலை சமைத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் "தக்காளி சாதம் பிரமாதம்" என்றவர் அவர். சாப்பிடுகிற தட்டைப் பிடுங்கியவன் இவன்.

"தெரிஞ்சா அப்படிச் சொன்னீங்க?"

"மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் பொண்டாட்டி பத்து தடவை உங்களைப் புகழ்ந்தா. நான் என்ன செய்ய?"

செம்மலை ஒரு மைல் தூரம் யோசித்தான். "தட்டைப் பிடுங்குனது தப்புதானுங்க."

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன ஊரில் கார் தானாக நின்றது. பரிமாறிய டார்லீன் என்ற அம்மாள் அவர்கள் உட்காருமுன்பே சிரித்தாள். "வாங்க. பிரியாணிச் சண்டை முடிஞ்சிருக்குமே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் சுவரைக் காட்டினாள். மூன்று படங்கள், மூன்று வருடம். மூன்றிலும் சகலைகள் இருவரும் தோளில் கைபோட்டபடி. ஒன்றில் செம்மலை அழுதுகொண்டிருந்தான், வாயில் கேக்கோடு.

"வருஷாவருஷம் சோளக்காட்டுக்கிட்ட சமாதானம் ஆயிட்டு வருவீங்க. இந்த மேஜையில அழுவீங்க. அப்புறம் டென்வர்ல இறங்கி மறந்துடுவீங்க."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"மூணு வருஷமும் சொன்னேன்."

அவள் கழுத்தில் பட்டை இல்லை. அந்த ஊரில் யாருக்கும் இல்லை. நாடே கடந்துபோகையில் கொட்டிவிட்டுப் போன சமாதானங்களும் சம்மதங்களும் மன்னிப்புகளும் அந்தச் சுவரில் இடமில்லாமல் தொங்கின. "யாராவது ஒருத்தர் ஞாபகம் வெச்சுக்கணும்ல," என்று காபி ஊற்றினாள். தணிகாசலம் எழுந்து நின்று கும்பிட்டார். அது அவளுக்கு நாலாவது கும்பிடு.

காரில் ஏறியதும் அவர் பட்டை ஒருமுறை பச்சையாக மின்னியது. தைலம் காய்ந்துவிட்டது. "தொடர்பு கிடைத்தது," என்றது கார் உற்சாகமாக. "இன்று இதுவரை மூளையில் பதிந்துவிட்ட பயணத்தையும் சேர்த்து அழிக்கிறேன். பத்து, ஒன்பது..."

"தைல டப்பா எங்க சகலை?"

"உங்க பாக்கெட்லீங்க."

ஐந்தில் தடவினார். விளக்கு சிவந்தது. அதன்பிறகு மணிக்கொரு தரம், கோயிலில் சந்தனம் வாங்குகிற பவ்யத்தோடு, இருவரும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டார்கள். கண் எரிந்தது. மாலை வெயிலில் புல்வெளி கலங்கலாக, ரொம்ப அழகாக இருந்தது. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் தணிகாசலம் டப்பாவுக்குச் சொன்னார்.

டென்வரில் பட்டைகள் கழன்றன. ஆளுக்கொரு டின்னும் சிவந்த கண்ணுமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு படியேறினார்கள். மாமனார் கதவைத் திறந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கழுத்தில் பட்டை, அதில் பச்சை விளக்கு.

"மாமா, இது சாலைக்கு மட்டும்தானே?"

"நீங்க கிளம்பினாத்தான் கழலும் மாப்ளே. மூணு தீபாவளியா இப்படித்தான். உங்க சண்டை ஒண்ணும் ஞாபகமில்லை, அவ்வளவு நிம்மதி."

செம்மலை டப்பாவைத் திறந்து பார்த்தான். அடியில் ஒரு விரல் அளவு மிச்சம்.

"மாமா, தலைவலி இருக்குங்களா?"

"இல்லையே."

"வரும்," என்றார் தணிகாசலம், மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு. "தடவுங்க சகலை."