ஜூலியஸின் திறக்காத டிஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை ஜூலியஸ் கடைக்கு வந்தபோது கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். உள்பையிலிருந்து ஒரு கறுப்பு ஃப்ளொப்பி டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது திறக்குதில்லை அண்ணை. ஆரோ வேணுமெண்டு பழுதாக்கிப்போட்டாங்கள். ஆரெண்டும் எனக்குத் தெரியும்."

அலெக்ஸாண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னார் நீதிமன்றத்தில் இருபது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இப்போது, நாடு விட்டு வந்த இந்த ஊரில், மில்லிக்கன் பகுதிப் பிளாசா ஒன்றில் சான்றிதழ்கள் மொழிபெயர்க்கிறார். சான்றிதழோடு சிக்கல்களும் வரும். அவற்றையும் அதே நிதானத்தோடுதான் வாசிப்பார்.

"ஆரெண்டு தெரிஞ்சால் என்னட்டை ஏன் வந்தனி? இரு. முதல்ல கோட்டைச் சரியாப் பூட்டு."

கொம்பியூட்டர் முன்னால் இருந்த ராகுலன் திரும்பிப் பார்த்தான். மனைவி சிவானி பெப்ரவரியில் இறந்துபோனபின், வீட்டில் இருக்க முடியாமல் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தவன். சிக்கல் ஒன்று வந்தால் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

ஜூலியஸ் சொன்னான். எண்பத்தாறில் யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட படிப்பு. அங்கே முடித்த பத்துப் பாடங்களை இங்குள்ள பல்கலைக்கழகம் கிரெடிட்டாக ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டத்தை மொழிபெயர்த்துக் கொடுத்ததே அலெக்ஸாண்டர்தான். மீதிப் பாடங்களை ஆறு வருடமாக, பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே முடித்தான். மிச்சம் இறுதி ஆய்வுக் கட்டுரை மட்டும். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்கவேண்டும்.

"பிந்தினால்?" என்றான் ராகுலன்.

"பழைய கிரெடிட் பத்து வருசம்தான் செல்லுமாம். இந்தத் தவணையோட சரி. பத்துப் பாடமும் போகும். திரும்பவும் ரெண்டு வருசம். எனக்கு இப்ப முப்பத்தாறு."

"வேற கொப்பி எடுத்து வைக்கேல்லையோ?"

"பாதிதான் அச்சடிச்சு வைச்சிருக்கிறன். லைப்ரரியில இருந்து ரைப் பண்ணினது. முழுசும் இதுக்குள்ளதான்."

"சரி, ஆர் எண்டு சொல்லு," என்றார் அலெக்ஸாண்டர்.

"வினோதன். ஒரே பேஸ்மென்ற்றிலதான் இருக்கிறம். அவனும் யாழ்ப்பாணத்தில படிச்சவன். பதிவெல்லாம் எரிஞ்சு போனதால அவன்ர ஒரு கிரெடிட்டும் எடுபடேல்லை. முதல் வருசத்திலயிருந்து படிக்கிறான். சனிக்கிழமை கூட, 'உனக்கென்ன, பாதிக் கிணத்திலயிருந்து பாயுறாய்' எண்டவன்."

"அது ஒரு கதை. கண்டது என்ன?"

"சனி பின்னேரம் டிஸ்க் நல்லா வேலை செய்தது. அறைக்கு வெளிய இருக்கிற மேசையில புத்தகங்களோட வைச்சன். ஞாயிறு எனக்கு டபுள் சிஃப்ற். வந்து படுத்தவன் திங்கள் மத்தியானம்தான் எழும்பினன். பின்னேரம் லைப்ரரிக்குக் கொண்டுபோனால் திறக்குதில்லை. இன்னொண்டு அண்ணை. அவனுக்கு நாளைக்குச் சோதினை. ஞாயிறு முழுக்க ஒரு புத்தகம் தொடேல்லையாம், அவனே சொன்னான். மேல வீட்டுக்கார அன்ரியோட ரீவி பார்த்தவனாம். சோதினைக்காரன் செய்யிற வேலையே அது? மனம் வேற எதிலயோ இருந்திருக்கு."

ராகுலனுக்கு அது போதுமாக இருந்தது. "கேட்டால் தெரியும் அண்ணை. பொறாமை. சந்தர்ப்பமும் இருக்கு."

அலெக்ஸாண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டிஸ்க்கின் வெள்ளித் தகட்டை நகத்தால் தள்ளினார். பாதி வழியில் அது சிக்கி நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ராகுலனிடம் நீட்டினார். ஏதோ சவுக்காரம் மாதிரி ஒரு மெல்லிய வாசம். ராகுலன் திருப்பிக் கொடுத்தான்.

"காரை எடு ராகுலன். வீட்டை பார்ப்பம்."

*

வீட்டுக்காரி புனிதவதி கதவைத் திறந்தார். ஜூலியஸின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வழிவிட்டார். முதல்நாள் அவன் போட்ட சத்தம் அப்படி. வினோதனா தானா இந்த வீட்டில் இருப்பது என்று தீர்மானிக்கச் சொல்லியிருந்தான். வினோதனின் சூட்கேஸ் படிக்கட்டில் நின்றது.

பேஸ்மென்ற் மேசையை அலெக்ஸாண்டர் தொடாமல் பார்த்தார். பெரிய புத்தகம் அடியில், சிறியது மேலே. ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"இப்படித்தான் அடுக்குவியோ?"

"நானோ? நான் கொட்டிவிட்டுப் போறவன்."

மேலே இருந்த நீல மட்டைப் புத்தகத்தில் மெல்லிய தூசு. நடுவில் மட்டும் காசளவு இடம் துப்புரவாக இருந்தது. பக்கத்தில் வினோதனின் கல்குலேட்டர். அதன் மேற்பகுதியில் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த ஒரு புள்ளி. ராகுலன் அதைப் பார்த்தான். எங்கோ கண்ட மாதிரி இருந்தது. மேலே யோசிக்கவில்லை.

வினோதன் அறைக் கதவில் சாய்ந்து நின்றான். "விரல் அடையாளம் எடுக்கேல்லையோ, இன்ஸ்பெக்ரர்?"

"நான் இன்ஸ்பெக்ரர் இல்லை, தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஏன் படிக்கேல்லை?"

"ஏனெண்டால்... அண்டைக்குப் படிக்கிறேல்லைத்தானே." கேள்வியே விசித்திரம் என்பதுபோல் அவன் பார்த்தான்.

அலெக்ஸாண்டர் தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். புனிதவதி தேத்தண்ணியோடு ஒரு தட்டில் அவலும் கடலையும் வைத்தார். "நேற்றையான். பழுதில்லை, சாப்பிடுங்கோ."

அலெக்ஸாண்டர் ஒரு கடலையை எடுத்து மென்றார். பிறகு எல்லோரையும் சமையலறை மேசையைச் சுற்றி இருக்கச் சொன்னார்.

"வினோதன் இதைத் தொடேல்லை," என்றார். "கெடுக்க வேணுமெண்டால் மறைக்கலாம், உடைக்கலாம். புத்தகத்தை அழகாய் அடுக்கி வைக்கிற எதிரியை நான் நீதிமன்றத்திலயும் காணேல்லை. ஆரோ மரியாதையாய் எடுத்து, மரியாதையாய்த் திருப்பி வைச்சிருக்கினம். டிஸ்க்கில சந்தன வாசம். கல்குலேட்டரில பொட்டு. சோதினைக்காரன் ஒரு நாள் முழுக்கப் புத்தகம் தொடேல்லை. அடுத்த நாள் வீட்டில அவலும் கடலையும்." அவர் புனிதவதியின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "அக்கா, சரஸ்வதி பூசைக்கு ஜூலியஸின்ர புத்தகங்களையும் சாமிக்கு முன்னால வைச்சனீங்களோ?"

புனிதவதியின் கை தட்டிலேயே நின்றது.

"ஓம். என்ர மகளின்ரயும் வினோதன்ரயும் வைச்சன். ஆறு வருசம் கஷ்டப்பட்டு முடிக்கிற பிள்ளை, அவன்ர மட்டும் ஏன் விடுவான் எண்டு... பிழையோ?"

"வைச்சதில பிழையில்லை. பொட்டும் வைச்சனீங்கள். டிஸ்க்கில எங்க வைச்சனீங்கள்?"

"நடுவில மினுங்கிற தகட்டில."

"பிறகு துடைச்சனீங்கள்."

"வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போறவன். கண்டால் மனம் நோகுமெண்டு விசயதசமி காலமை ஈரத் துணியால நல்லா அழுத்தித் துடைச்சு, அவன் எழும்ப முதல் கொண்டுபோய் வைச்சன்."

"பொட்டு காய்ஞ்சு தகட்டிலயே இருந்திருந்தால் உதிர்ந்திருக்கும். ஈரத்தோட துடைக்கேக்கை சந்தனம் கரைஞ்சு தகட்டுக்குக் கீழால உள்ள போயிருக்கு. புத்தகத்தில தூசு இல்லாத வட்டமும் அந்தத் துணிதான்."

ஜூலியஸ் தட்டிலிருந்த கடலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில்.

"நீ சத்தம் போட்டது வினோதனோட. டிஸ்க் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியுமே? நான் நினைச்சன் நீங்கள் ரெண்டு பேரும் கார் நிப்பாட்டுறதுக்குத்தான் சண்டை எண்டு."

வினோதன் சிரித்துவிட்டான். உடனே நிறுத்திக்கொண்டான்.

ராகுலன் டிஸ்க்கைக் கையில் எடுத்தான். காலையில் இருந்து முதல்முறையாக அவனுக்கு என்ன செய்வதென்று தெளிவாகத் தெரிந்தது. "உள்ள இருக்கிற தாள் தகடு கீறுப்படாட்டி எடுக்கலாம். கூட்டை உடைச்சு, கழுவி, காயவைச்சு, வேற கூட்டுக்குள்ள போடவேணும். சரிவராட்டி உள்ளதும் போகும். புது டிஸ்க் ஒண்டு வேணும்."

வினோதன் கீழே போனான். சூட்கேஸ் திறக்கும் சத்தம் கேட்டது. பிரிக்காத டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இதை உடை."

கொதித்து ஆறிய தண்ணீரில் ராகுலன் அந்த மெல்லிய கறுப்பு வட்டத்தைக் கழுவினான். கோப்பி வடிக்கும் தாளில் படுக்கவைத்தான். ஒரு மணி நேரம் நான்கு பேரும் அதைச் சுற்றி இருந்தார்கள். புனிதவதி மட்டும் சாமி அறைக்குப் போய்ப் போய் வந்தார்.

கடையில் அது திறந்தது. நாற்பத்தொரு பக்கம். ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே, பஸ் போகாத தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் எப்படி நடந்து போகிறார்கள் என்பதே ஆய்வு. ஓர் அட்டவணை மட்டும் சிதைந்து வந்தது.

"நூற்றிப்பன்னிரண்டு பேரின்ர கணக்கு," என்றான் ஜூலியஸ். "அது இல்லாட்டி ஒண்டுமில்லை."

"என்ர கொப்பியில இருக்கு," என்றான் கூடவே வந்திருந்த வினோதன். "பனிக்குள்ள உன்னோட நிண்டு எழுதினது ஆர் எண்டு நினைச்சாய்?"

ஜூலியஸ் அவனைப் பார்க்க முடியாமல் கோட்டுப் பொத்தானைத் திருகினான். "மடையன் நான்."

"அது எனக்கு முதலே தெரியும். நான் கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல ராகுலன் அண்ணை அடிக்கட்டும், நீ சரிபார்."

மறுநாள் பதினொன்றே காலுக்குக் கட்டுரை ஒப்படைக்கப்பட்டது. திகதி முத்திரையிட்ட துண்டை ஜூலியஸ் கடைக்குக் கொண்டுவந்து காட்டினான். முன்பக்க நன்றியுரையில் வினோதனின் பெயர் பேனையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்ததாம். புனிதவதியின் பெயரும்.

அவன் போனபின் ராகுலன் கேட்டான். "வேதக்காரர் நீங்கள். சரஸ்வதி பூசை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியேல்லை."

"உனக்குத்தான் முதல்ல தெரியுமெண்டு நினைச்சன்."

"வீட்டில கலண்டர் மாத்தேல்லை அண்ணை."

அலெக்ஸாண்டர் மொழிபெயர்க்கவேண்டிய சான்றிதழ் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார்.

மாலையில் ராகுலன் குசினிச் சுவரில் தொங்கிய பெப்ரவரியைத் தூக்கினான். ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். செப்டெம்பர் முதல் கிழமையில் ஒரு சதுரத்துக்குள் சிவானியின் எழுத்து இருந்தது: வகுப்புத் தொடக்கம். அவளும் யாழ்ப்பாணத்துக் கிரெடிட்டோடு சேர இருந்தவள்.

அதன் மேல் கையை வைத்தான். பிறகு ஒக்ரோபருக்குப் புரட்டினான். விசயதசமி சிவப்பு எழுத்தில் இருந்தது; அவன் இரண்டு நாள் பிந்திவிட்டான். அலுமாரிக்கு மேலிருந்த அவளுடைய புத்தகப் பெட்டியை இறக்கி, தூசைத் துடைக்காமலே திறந்தான்.