இரவல் வாத்தியார்

இது தொண்ணூற்று ஐந்தாம் வருஷத்துக் கதை. மைசூரில் ஊதுபத்திக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு காலனி. அந்தக் காலனியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்குக் கூரை இருந்தது, கரும்பலகை இருந்தது, மணிகூட இருந்தது. வாத்தியார்தான் இல்லை.

போன வருஷம் சுந்தராம்பாள் டீச்சர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கன்னடப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் நஞ்சுண்டசாமியிடம் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி காலனிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுஷர். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க', 'போங்க', 'சத்தம் போடாதீங்க' மட்டும்தான். காலையில் சைக்கிளில் வந்து வருகைப் பதிவு எடுப்பார். மாலையில் வந்து மணி அடிப்பார். நடுவில் பிள்ளைகள் கரும்பலகையில் யானைப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

தாரணி நாலாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு டீச்சர் போய்விட்டார். கன்னடப் பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "வரட்டும், ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டும்" என்றார்கள். பத்து வயதில் போய் ஒன்றாம் வகுப்பில் உட்கார முடியுமா?

அவள் அம்மா பாப்பாயி, கம்பெனிக்காக வீட்டிலேயே பலகை போட்டு ஊதுபத்தி உருட்டுகிறவள்.

"தசரா லீவுக்குள்ள வாத்தியார் வரலன்னா பள்ளிக்கூடம் வேணாம் தாரணி. அங்க சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு, இங்க பலகை முன்னாடி உக்காரு" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்மா."

"ஒரு வருசமா அதத்தானே பாக்கறேன்?"

தாரணிக்கு அழுகை வந்தது. அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் இன்னும் அழுகையாக வந்தது.

கல்வி அதிகாரியைத் திட்டாத வாய் அந்தக் காலனியில் கிடையாது. குழாயடியில் திட்டினார்கள். டீக்கடையில் திட்டினார்கள். அவர் எதிரில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குக் காரணம் பயம். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் காளியப்பன் கட்டட மேஸ்திரி. பெரிய மீசை, பெரிய குரல். அவரே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். "வாத்தியார் இல்லன்னு அதிகாரிக்குத் தெரிஞ்சா, பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. மூச்சு விடக் கூடாது!"

ஆகவே, போன முறை அதிகாரி பார்வையிட வந்தபோது கமிட்டிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலி இரவல் வாங்கினார்கள். மேஜை விரிப்பு இரவல் வாங்கினார்கள். கூடவே ஒரு வாத்தியாரையும் இரவல் வாங்கினார்கள்!

அவர் பெயர் லிங்கப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிறவர். கண்ணாடி போட்டிருந்தார், சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டிருந்தார், தமிழ் படிக்கத் தெரியும். வேறென்ன வேண்டும்? அதிகாரி வந்தார், வாத்தியாரைப் பார்த்தார், இளநீர் குடித்தார், போய்விட்டார். எல்லோருக்கும் உயிர் வந்தது. வாத்தியார் மட்டும் வரவில்லை. எப்படி வருவார்? ஏற்கனவே வாத்தியார் இருக்கிற இடத்துக்கு யார் அனுப்புவார்கள்?

இந்த வருஷமும் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. காளியப்பன் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்.

"உங்க வாத்தியார் பேரு என்னன்னு கேட்டா?"

"லிங்கப்பன் சார்!"

"பாடம் நடத்தறாரான்னு கேட்டா?"

"நல்லா நடத்தறார்!"

தாரணி வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

மறுநாள் ஜீப் வந்தது. நஞ்சுண்டசாமி மாலை போட்டார். காளியப்பன் மைசூர்ப் பேட்டாவை அதிகாரி தலையில் வைத்தார். அந்தத் தலைப்பாகை கொஞ்சம் பெரிது. அதிகாரியின் புருவம் வரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டே அவர் வகுப்புக்குள் வந்தார்.

லிங்கப்பன் பதறி எழுந்தார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"வாங்க சார், லக்கேஜ் எங்க சார்?"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காளியப்பனின் மீசை துடித்தது. லிங்கப்பன் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. தாரணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதிகாரி அவளைத்தான் கை காட்டினார். கன்னடத்தில் கேட்டார். "நீ சொல்லம்மா. நேற்று உங்கள் வாத்தியார் என்ன பாடம் நடத்தினார்?"

தாரணி எழுந்தாள். கதவருகில் காளியப்பன் கண்ணை உருட்டினார். அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள்.

"சார், இவரைத் திட்டாதீங்க. இவர்மேல தப்பில்லை. நாங்கதான் கூப்பிட்டு வந்தோம். எங்களுக்கு ஒரு வருஷமா வாத்தியாரே இல்லை."

காளியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. பேட்டாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நங்கெ கொத்தம்மா" என்றார். எனக்குத் தெரியும்மா என்று அர்த்தம்.

"தெரியுமா?" என்றார் காளியப்பன். அவருடைய பெரிய குரல் எலிக்குஞ்சு குரலாகிவிட்டது.

"எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷமே தெரியும். யாரும் பள்ளிக்கூடத்தை மூடப் போவதில்லை. வாத்தியார்தானே? நோடோணா, பார்க்கலாம்."

இளநீர் வந்தது. அதிகாரி கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஜீப் போய்விட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு வருஷமாகப் பயந்து பயந்து ஒளித்து வைத்ததை அந்த மனுஷர் முதலிலிருந்தே தெரிந்து வைத்திருந்தார். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. இதைவிட அவர் பள்ளிக்கூடத்தை மூடுவேன் என்று மிரட்டியிருந்தால்கூட மனசு இவ்வளவு விட்டுப் போயிருக்காது.

"அவங்களுக்கெல்லாம் நம்ம பிள்ளைங்க ஒரு கணக்கே இல்ல மேஸ்திரி" என்றாள், ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாப்பாயி. "தசரா வரைக்கும் எதுக்கு? நாளையிலருந்து நீ பலகை முன்னாடி உக்காரு தாரணி. முடிஞ்சது."

காளியப்பன் இரவல் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தாரணி பலகை முன்னால் உட்கார்ந்தாள். கறுப்பு மாவைக் குச்சியில் வைத்து உருட்டினாள். முதல் குச்சி கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். வெளியே அவள் வகுப்புப் பிள்ளைகள் பையோடு போனார்கள். எங்கே போகிறார்கள்? யானைப் படம் வரையத்தான்.

அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. தெரியுமாமே! தெரிந்து என்ன? அங்கே அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லையே. இங்கே நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற சத்தம் அங்கே எப்படிக் கேட்கும்?

கையைப் பாவாடையில் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஏய் தாரணி!" என்று அம்மா கத்தியது தெருமுனைவரை கேட்டது.

பள்ளிக்கூட வாசலில் நின்று அவள் சொன்னாள். "எல்லாரும் சிலேட்டு எடுத்துக்கங்க. இன்னிக்கு வேற எடத்துல படிக்கப் போறோம்."

"எங்கக்கா?" என்றான் ஒன்றாம் வகுப்புத் தருண்குமார்.

"அதிகாரி ஆபீஸ்ல. அங்க தாழ்வாரம் பெருசு. நெழலும் இருக்கு."

நஞ்சுண்டசாமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பதற்றத்தில் அவருக்குத் தமிழ் எல்லாம் குழம்பிவிட்டது. "போங்க! இல்லை, வாங்க! சத்தம் போடாதீங்க!"

"நீங்களும் வாங்க சார்" என்றாள் தாரணி கன்னடத்தில். "வருகைப் பதிவு எடுக்க வேணாமா?"

வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற மனுஷர் அவர். ஆனால் பிள்ளைகளைத் தனியாக ரோட்டில் விடவும் பயம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஆபீஸ் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். தாரணி முன்னால் நின்று சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

"ஈரொன் ரெண்டு!"

"ஈரொன் ரெண்டு!"

தூங்கிக்கொண்டிருந்த பியூன் முக்காலியிலிருந்து விழப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாம் வாய்ப்பாடு முடிகிற நேரத்தில் பாப்பாயி வந்துவிட்டாள். மாவு காய்ந்துவிடுமே என்று, ஒரு கையில் பலகை, மறு கையில் மாவுச் சட்டி. முகத்தில் கொள்ளைக் கோபம். மகளின் காதைத் திருகி இழுத்துப் போகத்தான் வந்தாள்.

தாரணி அம்மாவைப் பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

"நானான்கு பதினாறு!"

பாப்பாயி அப்படியே நின்றாள். தன் மகள் வாத்தியார் மாதிரி நிற்பதை அவள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, தூண் ஓரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்ட ஆரம்பித்தாள்.

ஜீப் வந்தது. உள்ளே போக அதிகாரிக்கு வழி இல்லை. சிலேட்டுகளுக்கு நடுவில் காலை எங்கே வைப்பது என்று கொக்கு போல நின்றார்.

"ஏனு இது?" என்று அதட்டினார்.

"பள்ளிக்கூடம் சார்" என்றாள் தாரணி.

"நான்தான் பார்க்கலாம் என்று சொன்னேனே!"

"பாருங்க சார். நீங்க பார்த்து முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கேயே படிக்கிறோம்."

அவர் பாப்பாயியிடம் திரும்பினார். "நீங்கள் பெரியவர், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

பாப்பாயி உருட்டுவதை நிறுத்தவில்லை. "என்னத்தச் சொல்றது சார்? பிள்ளை படிக்குது" என்றாள்.

அதிகாரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்கக் கதவு திறக்கவில்லை. வாத்தியாரைப் பற்றி யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையில் மழை தூறியது. நஞ்சுண்டசாமி பியூனிடம் மணியைக் கேட்டு வாங்கி, ஆபீஸ் மணியையே அடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டார்.

தாரணி வாடிய முகத்தோடு அம்மாவின் பின்னால் நடந்தாள். காது வலிக்கத் திருகப்போகிறாள், நாளை முதல் பலகைதான் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். குரல் வேறு கட்டிப் போயிருந்தது.

ரயில் பாதை வந்ததும் பாப்பாயி நின்றாள்.

"நாளைக்கு எத்தனையாம் வாய்ப்பாடு?"

தாரணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். "ஏழாம் வாய்ப்பாடும்மா."

"கஷ்டமானதாச்சே" என்றாள் பாப்பாயி. "வீட்டுக்குப் போனதும் நல்லாப் படிச்சு வச்சுக்கோ."