ஆறு மணிக்குச் சுண்டல் பார்த்தது

அந்த வாரம் உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த படம் எது தெரியுமா? பொள்ளாச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கும் ஒரு விளக்குக் கம்பம். பதினாலு கோடிப் பேர் பார்த்தார்கள். கம்பத்தில் விளக்குகூட எரியவில்லை. படத்தை எடுத்தது ஒரு தெருநாய்.

கதை விடவில்லை, நாய்தான் எடுத்தது. மோப்பக்கண் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பொட்டு அளவு வில்லை. நாயின் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் போதும். நாய் எதையாவது முகரும்போது அதன் மூளையில் எழும் குறிப்புகளை அந்த வில்லை படித்து, நம் கண்ணுக்கு விளங்கும் நிறங்களாக மாற்றிச் சுவர்த்திரையில் விரிக்கும். மோப்பப்படம் என்று பெயர் வைத்தார்கள். புது வாசனை அடர்த்தியாகத் தெரியும், பழையது வெளிறித் தெரியும். நாய்க்கு உயிரான வாசனை எதுவோ அது மட்டும் பொன்னிறத்தில் விழும்.

கம்பத்தடியில் அன்று காலையில் காலைத் தூக்கிய நாய் செக்கச்செவேலென்று நின்றது. அதற்குள் நேற்றைய நாய், அதற்கும் உள்ளே போன வாரத்து நாய்கள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக நாற்பது நாய்கள். ஒன்றுக்குக் காய்ச்சல், ஒன்று சினையாக இருந்தது. கம்பத்தைச் சுற்றி ஒரு மாதம் முழுக்க அப்படியே நின்றுகொண்டிருந்தது! நாம் பார்ப்பது இந்த விநாடியை. நாய் பார்ப்பதோ போன விநாடிகள் அத்தனையையும். ஆயிரக்கணக்கான வருஷமாக நம் காலடியில் படுத்திருந்த ஜீவன் இப்பேர்ப்பட்ட உலகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. நாமோ, "ச்சீ, அங்க என்ன மோப்பம், வா" என்று சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்கிறோம்.

நாய்க்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வேட்டி கட்டிப் படமெடுத்து இணையத்தில் போடும் பழக்கம் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. நாயே படமெடுக்கும்போது நாயை எவன் எடுப்பான்? அப்படியும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் நவநீதன்.

நவநீதன் பம்பு கம்பெனியில் தரச்சோதனை பார்ப்பவர். படமெடுக்கும் கலை அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அது அவர் மனைவி சிந்துஜாவின் வேலை. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, கொண்டைக்கடலை நிறத்தில் இருக்கிறது என்று சுண்டல் என்று பெயர் வைத்து, 'சுண்டல் சார்' என்ற பக்கத்தைத் தொடங்கி, நாற்பதாயிரம் பேரைச் சேர்த்தவள் அவள். தோளில் பையும் வாயில் விசிலுமாகக் கண்டக்டர் சுண்டல். முண்டா பனியனில் வடை மாஸ்டர் சுண்டல். ஒரு மழைநாளில் சேற்றில் மல்லாந்து படுத்து, சுண்டல் ஒற்றைக் காலால் மருதமலையைத் தள்ளுவதுபோல எடுத்தாள். நாய் லென்ஸைப் பார்க்க வேண்டுமே, அதற்காக இடது கையில் எப்போதும் ஒரு கருவாட்டுத் துண்டு வைத்திருப்பாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த விரல்களில் நெத்திலி வாசம் போகாது. நவநீதன் கேலி செய்யாத நாளில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் அவள் மூளை நரம்பொன்று வெடித்தது. மருத்துவமனையிலிருந்து நேரே மின்மயானம். வீட்டுக்கு அவள் வரவே இல்லை. அன்றைக்கு வைத்த சோற்றைச் சுண்டல் மிச்சமில்லாமல் தின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுடைய பிரம்பு நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்து வாலாட்டியது. ஒரு ஊளை இல்லை, ஒரு முனகல் இல்லை. "நன்றி கெட்ட நாயே, உனக்காகச் சேத்துல படுத்தாளேடா!" என்று நவநீதன் செருப்பை எடுத்து எறிந்தார். அதன் பிறகு சோறு வைத்தார், மருந்து கொடுத்தார், ஆனால் தடவிக்கொடுக்கவில்லை.

பக்கத்தை மட்டும் விடவில்லை. அது அவளுடையது. வாரத்துக்கு ஒரு படம் எடுத்துப் போட்டார். பாதிப் படத்தில் சுண்டலின் தலை இருக்காது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நாற்பதாயிரம் பேர் நாலாயிரம் ஆனார்கள். அவள் பெயர் சொல்ல இருப்பது இதுதான், இதுவும் போய்விடப்போகிறது என்று மனுஷன் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் சிந்துஜாவின் தங்கை வெண்பா ஒரு சனிக்கிழமை வந்தாள். மோப்பக்கண் செய்யும் நிறுவனத்தில் வேலை.

"மாமா, இப்புடியே போட்டீங்கன்னா அந்த நாலாயிரம் பேரும் ஓடீருவாங்க. இந்தாங்க, இனி சுண்டலே எடுக்கட்டும்" என்று வில்லையை ஒட்டிவிட்டாள்.

மாடிப்படியை முகர்ந்தது சுண்டல். திரையில் நாலு மாடியின் அத்தனை வீட்டுச் சமையலும் நிறநிறமாய்ப் படியில் இறங்கியது. தொட்டிச் செடியை முகர்ந்தது. அடேயப்பா! நேற்று அதில் உட்கார்ந்து போன வண்ணத்துப்பூச்சி இன்னும் உட்கார்ந்திருந்தது. நவநீதன் வாயைப் பிளந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஆறு ஆனது. சுண்டல் எழுந்து கூடத்துப் பிரம்பு நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. மூக்கை நீட்டியது.

திரை பொன்னாய் எரிந்தது.

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் இல்லை. ஆனால் தலை சாயும் இடத்தில் கூந்தல் பொன்னாய் வழிந்தது. கைப்பிடியில் விரல்கள் இருந்தன. இடது கை விரல்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பிரகாசமாய் இருந்தன. ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைத் தொங்கவிட்டு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. வேலை முடிந்து வந்து, ஆறு மணிக்கு அந்த நாற்காலியில் அமர்ந்து, அன்றைய படங்களைத் திருத்தும்போது சிந்துஜா அப்படித்தான் உட்காருவாள்.

"அக்காங்க மாமா" என்றாள் வெண்பா.

சிந்துஜாவின் துணிகளைப் பதினாறாம் நாளே எடுத்துக் கொடுத்தாயிற்று. தரையை இயந்திரம் தினமும் துடைக்கிறது. ஆனால் இயந்திரம் நாற்காலியில் ஏறாது. நவநீதனுக்கோ அதில் உட்கார மனம் வந்ததில்லை. எட்டு மாதமாக அதை ஒருவரும் தொடவில்லை.

"அதுக்கு அக்கா போகவே இல்லீங்க மாமா. தெனமும் ஆறு மணிக்கு அக்காளைப் பாத்துட்டுத்தான் இருந்திருக்குது. எதுக்கு அழுவும்?"

நவநீதன் சுண்டலின் தலையில் கைவைத்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை. "நாந்தான்டா குருடன். உன்னையப் போயி அடிச்சனே" என்று தேம்பித் தேம்பி அழுதார். சுண்டல் அவரை நக்கிவிட்டு மறுபடி நாற்காலியைப் பார்த்தது.

போகும்போது வெண்பா ஒன்று சொன்னாள். "யாரும் தொடாம இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமுங்க. அப்பறம் மங்கீரும். பத்தரமாப் பாத்துக்குங்க."

இரண்டு வருஷம்! நவநீதனுக்கு அது வரமாகப்பட்டது. எழுநூறு சாயங்காலம் சிந்துஜா வீட்டில் இருப்பாள். இதற்குமேல் கடவுளிடம் என்ன கேட்பது?

படத்தைச் 'சுண்டல் சார்' பக்கத்தில் போட்டார். இனி ஆறு மணிப் படம் தினமும் தானாகவே ஏறும்படியும் வைத்துவிட்டார். 'எடுத்தது: சுண்டல். இருப்பவர்: சிந்துஜா' என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் மதியத்துக்குள் மூன்று கோடிப் பேர் பார்த்திருந்தார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதினார்கள். செத்துப்போன அம்மாவின் அலமாரியை நாய்க்குத் திறந்து காட்டினேன் என்றார் ஒருவர். சாவு என்றால் என்ன என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும் என்று படித்தவர்கள் கூடிப் பேசினார்கள். சிந்துஜா என்ற பெயரை வாய்க்கு வந்தபடியெல்லாம் உச்சரித்தார்கள். நவநீதனுக்கு நெஞ்சு விம்மியது.

மூன்றாம் நாள் அழைப்பு மணி அடித்தது. உடுமலையிலிருந்து ஒரு வயதான தம்பதி. மகளைப் பறிகொடுத்தவர்கள். மின்தூக்கி வேலை செய்யாததால் நாலு மாடி ஏறி வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு இரைத்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார் நவநீதன்.

யோசித்தா சொன்னார்? வாசலில் ஆளைக் கண்டால் கோயம்புத்தூர் வாய் அதைத்தான் சொல்லும். வந்தவரை நிற்கவைத்துப் பேசினால் அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாவமில்லை. திவானில் சுண்டலின் பழைய வேஷத் துணிகள் குவிந்திருந்தன. காலியாக இருந்தது ஒரே இடம். அந்த அம்மா அதில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். எழுந்திருங்கள் என்று சொல்ல நவநீதனுக்கு நாக்கு எழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று ஆறு மணிக்குச் சிந்துஜாவின் பொன் மடியில் ஒரு நீல நிறக் கிழவி உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை ஒன்பது கோடிப் பேர் பார்த்தார்கள்.

வெண்பா போனில் கத்தினாள். "உங்களுக்கென்னங்க கிறுக்கா புடிச்சிருக்குது? ஆரையும் உள்ள உடாதீங்க மாமா!"

"தேடி வந்தவீங்கள எப்புடிக் கண்ணு போன்னு சொல்றது? நாளைக்கே கயிறு கட்டீர்றேன்."

கட்டினார். நாற்காலியைச் சுற்றி நாலு பக்கமும் மஞ்சள் கயிறு. அதுதான் வினையாகப் போயிற்று. நம் ஆட்கள் கயிறு கட்டிய எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். குனிந்து கயிற்றுக்குள் கையை நீட்டி, நாற்காலியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஒரே தடவைங்க" என்று கண்ணீரோடு கேட்பவரை எப்படித் தடுப்பது? உள்ளதைச் சொல்ல வேண்டும். நவநீதனுக்கும் அது பிடித்திருந்தது. எட்டு மாதமாக யாரும் அவரிடம் சிந்துஜாவைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது வருகிறவர் எல்லாம், "குடுத்து வெச்ச மகராசிங்க" என்றார்கள். அவரும் கருவாட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தார், அழுதார்.

ஒவ்வொரு நாளும் படத்தில் பொன் குறைந்துகொண்டே வந்தது. கைகள் முதலில் போயின. நாளையோடு நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைத்தார்.

பத்தாம் நாள் காலை பல்லடத்திலிருந்து ஒரு வேன் வந்தது. நாற்பது பேர். ஒரு பெண் நாலு முழம் மல்லிகைச் சரம் கொண்டுவந்து நாற்காலியில் சுற்றினாள். இன்னொருவர் ஊதுவத்தி கொளுத்திக் கைப்பிடியில் செருகினார். சூடம் காட்டினார்கள். புகை நாற்காலியைச் சுற்றிச் சுழன்று கூடமெல்லாம் நிறைந்தது. கோயிலுக்குள் நிற்பதுபோல நவநீதனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவரும் கைகூப்பிக் கும்பிட்டார். அது தப்பு என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

மணி ஆறு ஆனது. சுண்டல் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டே நாற்காலிக்குப் போனது. மூக்கை நீட்டியது. வால் நின்றது.

மறுபடி முகர்ந்தது. முன்னங்காலை நாற்காலியில் வைத்து ஏறி முகர்ந்தது. பின்னால் போய் முகர்ந்தது. அடுப்படிக்கு ஓடியது, குளியலறைக்கு ஓடியது, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து வந்தது. வாசற்கதவின் இடுக்கில் மூக்கை வைத்து நெடுநேரம் இழுத்தது. திரும்பி வந்து நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, நவநீதனைப் பார்த்தது.

அப்புறம் தலையைத் தூக்கி ஊளையிட்டது.

நவநீதன் அந்த ஒலியை அதுவரை கேட்டதில்லை. நாலு மாடிக்கும் கேட்டது. அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். நூறு அந்நியர்களின் கைகள் இருந்தன. மல்லிகை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் புகை. பொன் ஒரு பொட்டுகூட இல்லை.

திவானிலிருந்து கண்டக்டர் பையை அள்ளிச் சுண்டலின் மூக்கில் வைத்தார். போன மாதம்தான் அழுக்காக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்திருந்தார். சுண்டல் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உலகத்துக்குச் சிந்துஜா செத்து எட்டு மாதம். சுண்டலுக்கு அவள் இப்போதுதான் செத்தாள். கொன்றவர் யாரென்று நவநீதனுக்குத் தெரியும். அவர் நாயைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுருடா சாமி" என்று தரையில் சாய்ந்தார்.

கைப்பேசி நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மணிப் படம், வில்லை பதிந்த ஊளையோடு சேர்ந்து, தானாகவே ஏறியிருந்தது. இதுவரை வந்ததிலேயே இதுதான் அழகு என்று எழுதியிருந்தார்கள். மெய்சிலிர்க்கிறது என்றார்கள். ஊளை நடுவில் கொஞ்சம் சரியாகப் பதிவாகவில்லை, இன்னொரு தடவை ஊளையிட வைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. நவநீதன் போய்க் கதவைத் திறந்தார். கையில் மாலையும் முகத்தில் பக்தியுமாக ஒரு புதுக் குடும்பம். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள்.

"அந்தச் சேரைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போலாம்னு வந்தோமுங்க" என்றார் முன்னால் நின்றவர்.

உள்ளே சுண்டல் மறுபடி ஊளையிட்டது. நவநீதன் அவர்களைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் கதவை விட்டு ஓரமாக ஒதுங்கி, தலைகுனிந்து நின்றார்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாலை வைத்திருந்தவர் மட்டும் ஒரு நொடி தயங்கி, கையைத் தாழ்த்திக்கொண்டார். சாவு வீட்டு வாசலில் நிற்பவர் யாரையும் 'வாங்க' என்று அழைப்பதில்லை.