நல்ல பியானோவுக்கு ஒரு ரிப்பேர்

மனித குலம் இரண்டே வகை: யோசிக்கிறவர்கள், காதலிக்கிறவர்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்ததாக வரலாறு இல்லை.

இந்த மாபெரும் உண்மையை அவன் வெளியிட்டது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், மறுபடியும் தட்டை நிரப்பிக்கொண்டே. ஆதாரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த அண்ணியைப் பார்ப்பதற்காக, வலிக்காத பல்லைப் பிடித்துக்கொண்டு வாரா வாரம் போனவன் அண்ணன்.

"கடைசியில ஒரு நல்ல கடவாய்ப் பல்லையே பிடுங்கக் கொடுத்த மகான்!"

"போடா தத்துவம். பல்லு போனா என்ன, உங்க அண்ணி வந்தாளே!"

அண்ணி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "உனக்கும் ஒருநாள் வலிக்கும் கொழுந்தனாரே... அப்ப பேசிக்கலாம்."

தத்துவம் என்றே ஊர் அழைக்கும் அவன், இசைக் கல்லூரியில் கடைசி வருடம். தனி பியானோவுக்கு அவனே ஒரு படைப்பு எழுதி வெள்ளிக்கிழமை வாசிக்க வேண்டும், அதுதான் தேர்வு. தலைப்பு, 'எனக்குள் நான்'. உள்ளே வேறு யாருக்கும் இடம் கிடையாது.

கீழ்த்தளத்துப் பயிற்சி அறையில் ஒரு பழைய பியானோ. அதில் ஒரு கட்டைக்கு மட்டும் விசித்திர வியாதி. விரலை எடுத்த பிறகும் ஒலி அடங்காது; தானே ஒலித்து, தானே கரையும். கடைசிப் பக்கத்தை அவன் அந்த வியாதிக்காகவே எழுதியிருந்தான். கட்டையைத் தொட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்வான். ஒலி அநாதையாக நிற்கும்... தனிமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

புதன்கிழமை நல்ல மழை. கதவைத் திறந்தால், பியானோவின் வயிற்றுக்குள் ஒரு பெண் தலையை விட்டிருந்தாள்.

"யாருங்க நீங்க?"

தலை வெளியே வந்தது. நெற்றியில் தூசு, இமையில் இன்னும் காயாத ஒரு மழைத்துளி... அதற்குக் கீழே, சிரிப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த இரண்டு கண்கள்.

"ட்யூனர். முடிஞ்சது சார். ஒரு கட்டை ஊளையிட்டுக்கிட்டே இருந்துச்சு. தந்தியை அமுக்கி நிறுத்துற கம்பளித் துண்டு விலகியிருந்தது. ஒட்டிட்டேன்."

ஓடிப்போய் அழுத்தினான். விரலை எடுத்தான். டக். நிசப்தம்.

"என் கடைசிப் பக்கத்தையே கொன்னுட்டீங்களே!"

"நானா?"

"பக்கத்து ரூம் பியானோவைத்தானே சரிபண்ணச் சொன்னாங்க?"

அவள் கதவின் எண்ணைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ... தப்பு என்மேலதான். வேணும்னா மறுபடியும் கெடுத்துத் தரட்டுமா? காசு வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாம். உங்க உதவி எதுவுமே வேண்டாம். கிளம்புங்க."

"கோவிச்சுக்காதீங்க. அந்த ஒலி அடங்காம நீடிச்சு நிக்கணும், அவ்வளவுதானே? விரலை எடுக்காம இருங்களேன்." சுருதிச் சாவியைப் பையில் போட்டாள். "தொட்டுட்டு விலகி உக்காந்தா எது சார் நிக்கும்?"

போய்விட்டாள். இவனுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ரப்பரைக் கடித்துக் குதறினான். யோசிக்கும்போது ரப்பரைக் கடிப்பது அவன் வழக்கம். அன்று ரப்பரில் பாதிதான் மிஞ்சியது.

வியாழன் முழுவதும் வேறு முடிவு தேடினான். எதுவும் ஒட்டவில்லை. வீம்பு ஓய்ந்த நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கட்டையை அழுத்தினான். விரலை எடுக்கவில்லை.

ஒலி மெலிந்தது. விரல் நுனியில் மெல்லிய அதிர்வு... மழை ஓசைக்குள் அது கரைகிறவரை கூடவே இருக்க வேண்டியிருந்தது. கடைசி இழையும் அடங்கியபோது, அவன் தன்னைப்பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இமையில் இருந்த ஒரு துளியைப்பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

'எனக்குள் நான்' அறைக்குள் யாரோ தட்டாமலே வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அப்படித்தான் வாசித்தான். அவன் விரல் எழும்வரை ஆசிரியர்கள் இருமக்கூட இல்லை. தேறிவிட்டான். ஆனால் மனசு தேறவில்லை. நன்றி சொல்ல வேண்டும். அவளைப் 'போ' என்று சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது? ட்யூனரைக் கூப்பிட வேண்டுமானால் பியானோ கெட்டிருக்க வேண்டும். இதுவோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை. சுற்றுமுற்றும் பார்த்தான். பியானோவின் மேல்மூடியைத் திறந்தான். பாதி ரப்பரை உள்ளே போட்டான். ஒரு கட்டை சிக்கிக்கொண்டது. அலுவலகத்துக்குப் போய், மிகுந்த வருத்தத்தோடு புகார் கொடுத்தான்.

மறுநாள் அவள் வந்தாள். உள்ளே கையை விட்டாள். வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலியா சார்? பல்லு தடம் பெரிசா இருக்கே..."

"எலி இல்ல." அவன் காது சிவந்தது. "நான்தான் போட்டேன். விரலை எடுக்காமத்தான் வாசிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. அதைச் சொல்லணும்னு... இல்ல, அது சாக்கு. உங்களைப் பார்க்கணும் போல இருந்துச்சு. அதுக்கப்புறம் எதை வாசிச்சாலும் நீங்கதான் ஞாபகம் வர்றீங்க."



அவள் ரப்பரைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு, பியானோவின் வயிற்றுக்குள் அதைப் பத்திரமாகத் திரும்பப் போட்டாள்.

"பெரிய ரிப்பேர் போலிருக்கு... நாளைக்கும் வரணும்."

அன்று மாலை அண்ணிக்கு ஃபோன் செய்தான்.

"அண்ணி... வலிக்குது."